பின்வாசல் விதிகள்

மார்ச் 3, செவ்வாய்

ஒரு பெண் ‘முடியாது’ என்று சொன்ன எத்தனையாவது நிமிடத்தில் மழை பெய்ய வேண்டும்?

இன்று இயக்குநர் என்னிடம் கேட்ட கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் தொடராக எடுக்கும் நாவலை ஐந்து வருடம் ஆராய்ந்து பட்டம் வாங்கியவள், இருபத்திரண்டு வருடமாக வகுப்பில் அதை நடத்துகிறவள் — தெரியவில்லை என்றுதான் சொன்னேன். “நாவல்ல மழையே இல்லையே.”

“அதான் மேடம் நாவலோட பிரச்சினை” என்றார். கிண்டல்கூட இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார்.

நூறு வருடத்துக்கு முந்தைய கதை. பெரிய வீட்டுக்குக் கடிதங்களை நகலெடுத்துக் கொடுக்க ஒரு குமாஸ்தாவின் மகள் வருகிறாள். அந்த வீட்டு மூத்த மகன் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்கிறான். அவள் ‘முடியாது’ என்கிறாள். திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “உங்கள் வீட்டுக்குள் நான் எந்த வாசல் வழியாக வருவது?” அவனுக்குப் பதில் கிடைக்க இருநூறு பக்கம் ஆகிறது. அந்த இருநூறு பக்கம்தான் நாவலே. தொடரில் அவன் அவளைத் தூக்கிக்கொண்டு கொட்டும் மழையில் முன்வாசல் வழியாக ஓடிவிடுவானாம். அதுவும் மெதுவாக.

கேட்கவே அருவருப்பாக இருக்கிறது. ‘இலக்கிய ஆலோசகர்’ என்று பெயர் போடுகிறார்களாம் எனக்கு.

மார்ச் 5, வியாழன்

குமாஸ்தா மகளுக்கு இருபத்தாறு உடைகள். கொடியில் தொங்கியதை எண்ணினேன். நாவலில் அவளுக்கு இரண்டு. ஒன்று கிழிந்து மற்றதில் மை கொட்டிவிட்டதால் மூன்று நாள் வேலைக்கு வரமாட்டாள். காய்ச்சல் என்று பொய் சொல்லி அனுப்புவாள். அதற்கு ஒரு முழு அத்தியாயம்.

உடை வடிவமைப்பாளரிடம் சொன்னேன். “ஏழைதான் மேடம், நான் இல்லைங்கல. ஆனா பாக்கற மாதிரி ஏழையா இருக்க வேணாமா?”

மார்ச் 6, வெள்ளி

தங்கை தொலைபேசியில். இந்த மாதிரித் தொடர் எது வந்தாலும் விடிய விடியப் பார்க்கிறவள். மழைக் காட்சியைச் சொன்னதும், “ஐயோ, சூப்பரா இருக்குமே” என்றாள்.

“அந்தப் பொண்ணு முடியாதுன்னு சொல்லிட்டாடி.”

“அக்கா, ஒரு பொண்ணு நனைஞ்சுகிட்டு சந்தோஷமா நின்னா உனக்குப் பொறுக்காதே. பிடிக்கலைன்னா விட்டுட்டு வா. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை உனக்கு.”

மீசை இல்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்னது சரி. என் பெயர் திரையில் வருவதை நான் விரும்புகிறேன். அதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 9, திங்கள்

இன்று முதல்முறையாக ஒரு வெற்றி.

பெரிய வீட்டுக் கூடத்தில் காட்சி. வேலைக்காரர்களாக நடிக்க ஆறு துணை நடிகர்கள். ஒருவர் சோபாவில் சாய்ந்திருக்கிறார். ஒருத்தி எஜமானியின் தோளுக்குப் பின்னால் பல்லைக் காட்டுகிறாள். கல்யாண வீட்டுப் புகைப்படம் மாதிரி இருந்தது. நான் எழுந்தேவிட்டேன். இந்த வீட்டில் இவர்கள் இப்படி நிற்க முடியுமென்றால் அந்தப் பெண் எதற்கு வாசலைப் பற்றிக் கேட்க வேண்டும்?

“அப்ப எது சரின்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க மேடம்” என்றார் இயக்குநர்.

சாப்பிடக்கூடப் போகாமல் எழுதினேன். பதினான்கு விதிகள். வேலைக்காரர்கள் பின்வாசலை மட்டும் பயன்படுத்துவார்கள். கூடத்தில் செருப்பு அணிய மாட்டார்கள். கேட்டாலொழியப் பேச மாட்டார்கள். எஜமானர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆறாவது: எந்த நாற்காலியிலும், எப்போதும், உட்கார மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நாவலில் எந்தப் பக்கம் என்று ஓரத்தில் குறித்தேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

இந்த ஒரு வாரத்தில் இன்றுதான் பசித்தது.

மார்ச் 11, புதன்

விதிகள் வேலை செய்கின்றன. தட்டு ஏந்தி நிற்கும் அம்மாள் ஒருவர் — அறுபது வயதிருக்கும் — சுவரோடு சுவராக நின்றார். அவர் அங்கே இருப்பதே மறந்துபோகிறது. அதுதான் சரி, அப்படித்தான் இருந்திருக்கும். முதல்முறையாக அது நாவலின் வீடு.

துணை இயக்குநர்ப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எப்போதும் கழுத்தில் ஒரு விசில் தொங்கும் அவளுக்கு. விசில் என்றே கூப்பிடுகிறார்கள்.

மார்ச் 13, வெள்ளி

அனல். வசனத் தாளைத் திருத்திக்கொண்டே, “அந்த ஃபேனைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க” என்றேன். யாரோ திருப்பினார்கள். காதலன் பேசும் வசனத்தில் ‘உன் கண்கள்’ ஒன்பது இடத்தில் இருந்தது. ஆறை அடித்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

முன்பக்கக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று பின்கட்டுக்குப் போனேன். இரண்டு வாரத்தில் நான் அந்தப் பக்கம் போவது இதுதான் முதல் தடவை.

பின்வாசல் கதவில் என் விதிகள். பெரிதாக்கி நகலெடுத்து, நான்கு மூலையிலும் டேப் போட்டு. பக்க எண்கள் இல்லை. என் கையெழுத்து மட்டும் அப்படியே. மேலே யாரோ தடித்த பேனாவால் எழுதியிருந்தார்கள்: ‘வேலைக்காரர்கள் கவனத்துக்கு.’

வேலைக்காரர்கள்!

ஆறு பேரும் வெளியே, படிக்கட்டு நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூடத்தில் மற்றவர்களுக்கு மேசை போட்டிருக்கிறது. இவர்கள் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். வெறுங்கால். சிமெண்டுத் தரை கொதிக்கிறது. ஒருவர் காலை மாற்றி மாற்றி வைத்தார். நான் வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. நான்காவது விதி.

விசிலைப் பிடித்துக் கேட்டேன். “அது கேமரா ஓடும்போது மட்டும்தானேம்மா?”

“அதெப்படி மேடம்? கட் சொன்னதும் போய்ச் சாஞ்சுப்பாங்க, அரட்டை அடிப்பாங்க, அப்புறம் ஷாட்ல அதே உடம்புதானே வரும்? டைரக்டர்தான் முழுநாளும் ஃபாலோ பண்ணச் சொன்னாரு. உங்க பேப்பர் வந்தப்புறம்தான் மேடம் இங்க ஒரு ஒழுங்கே வந்துச்சு. நாற்காலி தூக்க, காபி குடுக்க எல்லாத்துக்கும் அவங்களே இருக்காங்க. தனியா ஆள் வேண்டியதில்ல.”

‘தேங்க்ஸ்’ வேறு.

உடனே இயக்குநரிடம் போயிருக்க வேண்டும். அவர் முக்கியமான காட்சியில் இருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஏன் நாளைக்கு? சொன்னால் விதிகளை முழுவதும் தூக்கிவிடுவார்களோ, மறுபடி சோபாவில் சாய்வார்களோ என்று இருந்தது. அதுதான் உண்மை. இங்கேகூட எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது.

மார்ச் 18, புதன்

தட்டு ஏந்துகிற அம்மாளை அனுப்பிவிட்டார்கள்.

காலை ஆறரையிலிருந்து நிற்கிறார். மூன்று மணிவாக்கில் விளக்கை மாற்ற இடைவெளி விட்டார்கள். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எஜமானியின் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நுனியில்தான். ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

விசில் ஊதினாள். நிஜமாகவே ஊதினாள். “ஆறாவது ரூல் என்ன? கதவுல எழுதியிருக்குல்ல? படிக்கத் தெரியாதா?”

“தெரியும்” என்றார் அந்த அம்மாள். “ரெண்டு நிமிஷம்மா. கால் மரத்துப்போச்சு.”

“எந்திரிங்க.”

“எந்திரிக்கறேன். ரெண்டு நிமிஷம்.”

இரண்டு நிமிடம் தரவில்லை. பையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். எல்லாரும் கைபேசியைப் பார்த்தார்கள்.

நான் ஆறு அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன். கையில் வசனத் தாள். போகும்போது அவர் என் பக்கத்து ஃபேன் ஒயர் காலில் சிக்காமல் தாண்டினார், அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன் — மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு. வெள்ளிக்கிழமை ஃபேனைத் திருப்பிய கை. அன்று கையைப் பார்த்திருக்கிறேன். கைக்கு மேலே பார்க்கவில்லை.

வாயைத் திறந்தேனா? இல்ல. எழுந்தாவது நின்னேனா? அதுவும் இல்ல. ஊருக்குத்தான் உபதேசம். இருபத்திரண்டு வருஷமா கரும்பலகையில வாசல் படம் போட்டு நடத்துறேன், பின்வாசல்னா என்னன்னு. நானே ஒண்ணு கட்டிக் குடுத்துட்டு வந்திருக்கேன். பக்க எண்ணோட.

மழைக் காட்சிக்காக இயக்குநரைப் பார்த்து அருவருத்தேனே. அவர் பொய்யாக ஒரு மழைதான் பெய்யவைத்தார்.

மார்ச் 19, வியாழன்

படப்பிடிப்பு இல்லை. தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வாள் என்று பார்த்தேன். செய்யவில்லை.

“அவங்க வீடு எங்கன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“பேரு?”

“கேட்டதே இல்ல.”

“சரி விடு. நாளைக்குப் போய் என்ன பண்ணப்போற?”

சொன்னேன். நாளை ‘முடியாது’ காட்சி எடுக்கிறார்கள், எல்லாரும் இருப்பார்கள். எல்லார் எதிரிலும் சொல்வேன். விதிகள் படத்துக்கானவை, மனிதர்களுக்கானவை அல்ல. அந்த அம்மாளைத் திரும்பக் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் என் பெயர் அந்தத் தொடரில் வராது. பின்வாசல் தாளை என் கையாலேயே கிழிப்பேன்.

“குரல் நடுங்காம சொல்லுக்கா” என்றாள். “நீ கோவப்பட்டா உனக்கு அழுகை வந்துடும்.”

கண்ணாடி முன்னால் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது முறை பரவாயில்லை.

மார்ச் 20, வெள்ளி

நடந்தது இதுதான்.

ஏழு மணிக்குப் போனேன். கூடத்தில், கேமராவுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அந்த அம்மாள். உடை மாற்றி, காலில் செருப்போடு, காபி குடித்துக்கொண்டிருந்தார்.

எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். முப்பத்தோரு ஷாட்டில் பின்னால் அவர் நிற்கிறார். இன்றைய காட்சி அதன் தொடர்ச்சி; அவர் இல்லாமல் எடுக்க முடியாது. நேற்று இரண்டு தடவை கார் அனுப்பியும் வரவில்லையாம். மூன்றாவது தடவை இயக்குநரே போயிருக்கிறார். நாற்காலி, செருப்பு, உள்ளே மேசையில் சாப்பாடு — ஆறு பேருக்கும். அப்படியென்றால் வருகிறேன் என்றாராம் அந்த அம்மாள். இதையெல்லாம் சொன்னது விசில்தான், உம்மென்று. “பாத்தா பூனை மாதிரி இருந்தாங்க மேடம்.”

என் பேச்சுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் இயக்குநரிடம் போய், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். குரல் நடுங்கியது. “ஓகே மேடம்” என்றார். ஏன் என்று கேட்கவில்லை. மழைக் குழாயைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

பிறகு அந்த அம்மாளிடம் போனேன்.

“கதவில ஒட்டியிருந்தது நான் எழுதினதும்மா. மன்னிச்சிடுங்க.”

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். “நீங்களா? நான் யாரோ வயசான ஆம்பளை எழுதினதுன்னு நெனச்சேன்.”

“படத்துக்காகத்தான் எழுதினேன். புத்தகத்தில அப்படி...”

“எங்களைப் பாத்து எழுதலையா?”

“இல்ல. புத்தகத்தைப் பாத்து.”

“ம்” என்றார். காபியை முடித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. “முதுகை நேரா வெச்சு நிக்கணும்னு எழுதியிருந்தீங்க, பதினொண்ணோ பன்னெண்டோ. அது மட்டும் நல்ல விஷயம். இடுப்பு வலி கம்மியாச்சு” என்றார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. அதற்குள் ஷாட்டுக்குக் கூப்பிட்டார்கள். செருப்பை நாற்காலிக்கு அடியில் ஜோடியாக வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோடு நின்றார். மறுபடி கண்ணுக்குத் தெரியாமல் போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தும்.

தாளையாவது கிழிக்கலாம் என்று பின்வாசலுக்குப் போனேன். தாள் இல்லை. யாரோ எனக்கு முன்பே கிழித்துவிட்டார்கள். கதவின் நான்கு மூலையிலும் டேப் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தம் போடாதீங்க என்று உள்ளேயிருந்து கத்தும்வரை அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.