நூல் கட்டிய தக்காளி

என் பிரியத்துக்குரிய என்னங்க,

நாற்பத்தாறு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்துக்காக மாற்றிக்கொள்ளப் போவதில்லை. பிரியம் என்று எழுதிவிட்டேன், அது உண்மைதான். ஆனால் இன்று எனக்கு உங்கள் மேல் இருப்பது கோபம். அதையும் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

குற்றத்தை முதலில் சொல், காரணத்தைப் பிறகு சொல் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் பழக்கினார். அதன்படியே சொல்கிறேன். உங்கள் தக்காளி விதை என்னால் போயிற்று.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கொல்லையில் பந்தல் போட்டார்கள். கால் நட்ட இடம் உங்கள் தக்காளிப் பாத்தி. நான் உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சமையல்காரர் நிலைப்படியில் நின்று கேட்டார்: "பெரியம்மா, செடியெல்லாம் சாஞ்சுபோச்சு. மூணு பழம் நல்லா இருக்கு. ரசத்துக்குப் பறிச்சுக்கவா?" நான் தலையை ஆட்டினேன்.

அந்த மூன்று காம்பிலும் நீங்கள் வெள்ளை நூல் கட்டியிருந்தீர்கள். நூல் கட்டினால் அது விதைக்கு, தொடக்கூடாது. நம் வீட்டில் அதுதான் சட்டம். தெரிந்தும் தலையை ஆட்டினேன். மத்தியானம் ரசம் நாக்கில் பட்டதும் அந்தப் புளிப்பு தெரிந்தது. பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். பந்திக்கு வந்தவர்கள் மட்டும் ரசம் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்போது உங்கள் குற்றத்துக்கு வருகிறேன். அரிமளத்து வாடகை வீட்டில், நமக்குக் கல்யாணமான வருடம் பாத்திரம் கழுவும் அங்கணக்குழி ஓரத்தில் தானாக முளைத்த செடி அது. அந்த மடிப்பு மடிப்பான பழத்தை நாற்பத்தாறு வருடம் விதை விட்டுப்போகாமல் கொண்டுவந்தவர், கடைசியில் மூன்றே மூன்று பழத்தை நம்பியா போவீர்கள்? டப்பாவில் இருந்த பழைய விதையை எல்லாம் ஆடியிலேயே நாற்று விட்டுத் தீர்த்துவிட்டீர்கள். பத்து விதையை ஒரு காகிதத்தில் மடித்து வைத்தால் என்ன? 'என்னைக்கும் இருக்கப்போறோம்' என்ற நினைப்புத்தானே?

மார்கழியில், சமையல்காரர்கள் காய்கறிக் கழிவைக் கொட்டிய குழியில் ஒரு தக்காளிச் செடி முளைத்தது. காரியத்தன்று சந்தையிலிருந்தும் ஒரு கூடை தக்காளி வந்திருந்தது. இது அதில் விழுந்த விதையா, உங்கள் பழத்திலிருந்து தெறித்ததா? காய்த்தால்தான் தெரியும். அதற்காகவே அதை வளர்த்தேன்.

வளர்த்தேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். எவ்வளவு படுத்தியது தெரியுமா? குழியின் சத்தில் இடுப்பு உயரத்துக்கு இலையாகவே தழைத்தது, ஒரு பூ இல்லை. இனி எரு கிடையாது என்று நிறுத்திய பிறகு பூத்தது. பிறகு நுனி இலை சுருண்டது. அடியில் திருப்பிப் பார்த்தால் வெள்ளை ஈ. ஈ வந்து ஒட்டிக்கொள்ளட்டும் என்று தகர மூடிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவி, குச்சியில் கட்டினேன். சாயங்காலம் வேப்பெண்ணெயில் சோப்பு கலந்து இலைக்கு அடியில் தெளித்தேன். முதல் காய்கள் வடிவம் தெரியும் முன்பே அடிப்பக்கம் கறுத்து அழுகின. நோய் என்று நினைத்து மருந்து தேடினேன். தவறு என்னுடையது. குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடம் குடமாக ஊற்றி, மற்ற நாளில் காயப்போட்டிருக்கிறேன். தினமும் காலையில் ஒரே அளவாக ஊற்றி, வேரடியில் சருகு பரப்பிய பிறகு அடுத்த காய்கள் பிழைத்தன. இதையெல்லாம் நீங்கள் ஒருநாளும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் கேட்கவில்லை என்பீர்கள். கேட்டால்தான் சொல்வீர்களா?

பெங்களூரிலிருந்து நம் பையன் போனில் சொன்னான்: "எதுக்கும்மா இந்த அவஸ்தை? ஆன்லைன்ல ஒரு பாக்கெட் வெத போட்டுவிடுறேன்." போனை வைத்துவிட்டேன்.

போன வாரம் காய் திரண்டது. மழமழவென்று முட்டை மாதிரி நீளமாக இருந்தது. ஒரு மடிப்பு இல்லை. சந்தைத் தக்காளி. மூன்று மாதம் குனிந்து நிமிர்ந்து சந்தைத் தக்காளியை வளர்த்திருக்கிறேன். பிடுங்கி எறியக் கை வைத்தேன். முடியவில்லை. அதன் மேல் என்ன தப்பு?

அந்தக் கோபத்தோடு இன்று காலை வாசலுக்கு வந்தபோது காய்கறி வண்டிக்காரர் நின்றிருந்தார். தக்காளி வேண்டாம் என்றேன்.

"நீங்களுமா? பக்கத்து வீட்டு கதீஜாம்மாவும் வாங்குறதில்ல. மாடியில மடிப்புத் தக்காளி வச்சிருக்காங்கல்ல, அது போதுமாம்."

அப்போதுதான் தெரிந்தது, உங்கள் வேலை என்னவென்று. கதீஜாவின் கோழிகள் நம் நாற்றங்காலைக் கிளறிப்போட்டதிலிருந்து மூன்று வருடமாக நான் அவளோடு பேசுவதில்லை. 'கட்டி வளர்க்கத் தெரியாதவளுக்குக் கோழி எதற்கு?' என்று தெருவே கேட்கச் சொன்னவள் நான். நீங்கள் எனக்குத் தெரியாமல் மதிலுக்கு மேலே நாற்று கொடுத்திருக்கிறீர்கள்! வருடம் திரும்பும் முன் இன்னொரு வீட்டுப் படி ஏறக்கூடாது என்று உங்கள் அக்கா சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஏறினேன்.

"வாங்கம்மா. வழி தெரியாம வந்துட்டீங்களோன்னு பாத்தேன்" என்றாள் கதீஜா.

"அது எங்க வீட்டுத் தக்காளி."

"ஆமா. சார்தான் குடுத்தாங்க. ஒங்ககிட்ட சொல்லவேணாம்னாங்க. வீட்ல குண்டு வெடிக்கும்னு சொல்லிச் சிரிச்சாங்க."

மாடிக்குக் கூட்டிப்போனாள். பெயிண்ட் வாளிகளில் ஐந்து செடி. பங்குனி வெயிலில் பூவெல்லாம் கொட்டிவிட்டது, இனிமேல் காய்க்காது. ஒரு செடியில் மட்டும் இரண்டு பழம், மடிப்பு மடிப்பாக. இரண்டு காம்பிலும் வெள்ளை நூல். அந்த முடிச்சுக்கூட நீங்கள் போடும் முடிச்சு, அவளுக்குச் சொல்லித்தந்திருக்கிறீர்கள்.

"அன்னைக்கு இங்கிட்டு நின்னு பாத்தேன். சமையக்காரரு நூல் கட்டுன பழத்துல கை வச்சாரு. கத்திச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். நீங்கதான் எங்கிட்ட பேசுறதில்லையே. விசேஷ வீட்ல என்னால ஒரு சண்டை வேணாம்னு உள்ள வந்துட்டேன்."

நம் கொல்லையில் பறிபோன பழத்தைக் காப்பாற்ற ஒரு ஆள் இருந்திருக்கிறாள். அவள் வாயை மூன்று வருடம் முன்பே நான் அடைத்திருக்கிறேன்.

அவள் பழத்தைப் பறித்துக் கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. "வேணும்னா கேளுங்க, தாரேன். வாயத் தொறந்து கேக்கணும்" என்றாள். நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை. திரும்பி வந்துவிட்டேன். படி இறங்கும்போது கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபம் முழுவதும் உங்கள் மேல்தான். எனக்குத் தெரியாமல் கொடுக்கத் தெரிந்தவருக்கு, எனக்காக நாலு விதை எடுத்து வைக்கத் தெரியவில்லையே.

சரி. வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் பழங்கள் இன்னும் இரண்டு நாள் தாங்காது. நாளைக் காலை, செடிக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு போய், கோழியைப் பற்றிப் பேசிய பேச்சுக்கு முதலில் மன்னிப்புக் கேட்பேன். பிறகு பழத்தைக் கேட்பேன். இரண்டில் ஒன்று போதும், ஒன்று அவளிடமே இருக்கட்டும். விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்து, ஆடியில் நாற்று விடுவேன். முதல் நாற்று மதிலுக்கு மேலே போகும். ஒளித்துக் கொடுக்கமாட்டேன், கூப்பிட்டுக் கொடுப்பேன்.

இதைப் படித்துச் சிரிக்காதீர்கள். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இன்னும் உங்களோடு சண்டை முடியாத மனைவி,
மரகதவல்லி
திருக்கோகர்ணம்