ரப்பர் செடிக்கு இரண்டு செம்பு

பாப்பாவுக்கு,

ராஜபாளையத்திலிருந்து நீ இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரம்தான் பஸ். நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை என்று எழுதலாமா தெரியவில்லை; அவரையும் நலம் கேட்டதாகச் சொல்.

நீ அவரோடு போன மறுநாளே உன் சாமான்களையெல்லாம் அப்பா பரணில் ஏற்றிவிட்டார். “அவ பேச்சே இங்க எடுக்கப்புடாது” என்றார். டிவி பக்கத்தில் உன் ரப்பர் செடியை மட்டும் விட்டுவிட்டார். அவர் மில்லுக்குப் போனதும் தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவந்தேன். அப்படியும் இலை மஞ்சளாகி உதிர்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா மில்லிலிருந்து வந்த பிறகு, நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் இலையெல்லாம் ஈரம். ஈரத்தில் மில் பஞ்சு ஒட்டியிருந்தது. எனக்குத் தெரியாமல் அவரும் ஒரு செம்பு ஊற்றுகிறார். வேர் அழுகாமல் என்ன செய்யும்?

நேற்று அவரே கேட்டார், “ஏட்டி, அந்தச் செடி ஏன் இப்படிப் பழுக்குது?”

“எனக்கென்ன தெரியும்” என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். ஊற்றாதீர்கள் என்று சொன்னால் உன் பேச்சை எடுக்க வேண்டும். நானாவது நிறுத்தலாம், கை கேட்க மாட்டேன் என்கிறது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்று நீயே எழுது. கவரில் வேண்டாம், தபால் கார்டில் எழுது. தொட்டியில் சாய்த்து வைத்துவிடுகிறேன். அவரே படித்துக்கொள்ளட்டும்.

அம்மா