நாலாம் நாள் நிறுத்திய மாத்திரை

அப்பாவுக்கு வணக்கம்.

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. கால் புண்ணுக்குக் கொடுத்த பத்து நாள் மாத்திரையை, காய்ச்சல் விட்டதும் நாலாம் நாளே நிறுத்திவிட்டீர்களாம். அம்மா அழுதுகொண்டே சொன்னாள். இந்த வீறாப்பை என்னிடம் காட்ட வேண்டாம்.

போன வாரம் ஆய்வகத்தில் ஒரு சின்னச் சண்டை. பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. நான் கிருமி வளர்த்து மருந்து ஊற்றிய குடுவையைப் பார்த்துவிட்டு மேலதிகாரி, "எல்லாம் செத்துப்போச்சு, கொட்டிக் கழுவும்மா" என்றார்.

"சாகல சார், சுருண்டு படுத்திருக்கு" என்றேன். எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

தின்பதையும் வளர்வதையும் நிறுத்திவிட்ட கிருமியிடம் மருந்தின் ஜம்பம் பலிக்காது. அதில் கொஞ்சத்தை மருந்தில்லாத குடுவைக்கு மாற்றினேன். மறுநாள் கிருமி பெருகி அது பாலாகக் கலங்கியிருந்தது. பழைய குடுவையில் மருந்தோடு சர்க்கரையும் சேர்த்தேன். தின்னத் தொடங்கியவை மருந்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு செத்தன. இரண்டையும் அவர் மேசையில் வைத்து, "இப்ப சிரிங்க சார்" என்றேன். அன்றிலிருந்து என் பக்கத்தில் யாரும் சாப்பிட உட்காருவதில்லை.

உடனே சர்க்கரையை அள்ளித் தின்னாதீர்கள். உங்களுக்கு நீரிழிவு, நீங்கள் குடுவையில்லை. உங்கள் காலிலும் சில கிருமிகள் அப்படிப் படுத்துக் கிடக்கலாம். நிறுத்தியதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

என் பழைய போர்வையை அம்மாவிடம் அனுப்பச் சொல்லுங்கள். துவைக்க வேண்டாம். நீங்களும் நாலு வரி எழுதுங்கள், திட்டியாவது.

ஆய்வகத்தைப் பூட்ட வந்துவிட்டார்கள். டாக்டரைப் பார்க்கும்வரை என்னோடு பேச வேண்டாம். பார்த்துவிட்டு வந்ததும் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உங்கள் மூத்தவள்