மூன்று மாடி போதும்

கொக்குவில்,
சனிக்கிழமை.

அன்புத் தங்கச்சி நிமலினிக்கு,

உன்னையும் எங்களையும் ஆண்டவர் ஒரே பார்வையில் வைத்திருக்கிறார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நானும் அத்தானும் சுகம். அத்தானுக்குச் சீனி கொஞ்சம் கூடித்தான் நிற்கிறது. ஆனாலும் ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலில் தேநீர் என்றால் கை கேக்குக்குத்தான் போகிறது.

இதைப் போனில் கதைத்திருக்கலாம். போனில் நான் எதைக் கேட்டாலும் நீ சிரித்துக்கொண்டு வேறு கதைக்குப் போய்விடுகிறாய். அதனால்தான், நீ இருக்கும் ரொறன்ரோவுக்குத் தன் மகளிடம் வரும் முன்வீட்டுப் பராசக்தியிடம் கடிதமாகக் கொடுத்துவிடுகிறேன்.

எங்கள் மதிலோடு இருக்கும் உன் பங்குக் காணியைத் தொடர்மாடி வீடுகள் கட்டுகிறவர்களுக்குக் கொடுப்பதாக நீ முதலே சொன்னாய். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அப்பா உனக்கென்று எழுதியது. ஆனால் ஐந்து மாடி என்று தெரிந்ததும் எங்கள் ஒழுங்கைச் சனம் எல்லாம் குழம்பிவிட்டது. எல்லாருக்கும் கிணற்றை நினைத்துத்தான் பயம். நம் நிலம் உனக்குத் தெரியும். கல்லுக்குள்ளால் எல்லாம் ஊறி வரும். அத்தனை குடும்பங்களின் மலக்குழியும் பக்கத்தில் வந்தால் எந்தத் தண்ணீரைக் குடிப்பது? மாரி வெள்ளம் இப்போதே வடிவதில்லை. ஒழுங்கைக்குள் ஒரு வான் வண்டி வந்தால் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு நிற்கிறோம். பராசக்தி எல்லாருக்கும் முன்னால் கேட்டாள்: "அஞ்சு மாடியிலையும் ஜன்னல் வைச்சால் நாங்கள் கிணத்தடியிலை எப்பிடிக் குளிக்கிறது?" ஆண்கள் அன்றே, மூன்று மாடிக்கு மேல் வேண்டாம் என்று பிரதேச சபைக்கு ஒரு மனு எழுதினார்கள்.

சிலர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைக்காரச் சிவகரன் மட்டும் நேரே கேட்டான்: "அக்கா, காணியைக் குடுத்தது உங்கடை தங்கச்சி. நீங்கள் மனுவிலை கையெழுத்து வைப்பியளோ?"

வைத்தேன். உனக்கு எதிராக அல்ல, கிணற்றுக்காக. அதை வேறு யாரும் சொல்லி நீ அறியக்கூடாது.

போன வாரம் பிரதேச சபையில் கூட்டம் நடந்தது. கட்டுகிறவர்களின் பக்கம் ஜெரிசன் என்ற எஞ்சினியர் வந்திருந்தான். பொறுமையான பிள்ளை. கழிவுத் தொட்டியைக் கிணறுகளுக்கு எட்டத்தில், றோட்டுப் பக்கம் வைக்க ஒத்துக்கொண்டான். கிணற்றுப் பக்க ஜன்னல்களைத் தலைக்கு மேல் உயர்த்தவும் சரியென்றான். மூன்று மாடியோடு நிறுத்துங்கள் என்று நாங்கள் கேட்டபோதுதான் தயங்கினான்.

"மூண்டு மாடியெண்டால் லிப்ட் கட்டுப்படியாகாது. அதை நம்பி மேல் வீடு எடுத்த ஆக்கள் இருக்கினம். கனடாவிலை ஒரு அம்மா, தடி ஊண்டித்தான் நடக்கிறா. ஊரிலையே வந்து இருக்கப் போறன் எண்டவா" என்றான்.

பின்னாலிருந்து யாரோ, "அப்ப அந்த அம்மா வேறை இடம் பாக்கட்டும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன், நிமலினி.

வெளியே வரும்போது ஜெரிசன் கிட்ட வந்து மெல்லச் சொன்னான்: "குறை நினையாதேங்கோ அக்கா. நீங்களே மூண்டு மாடி கேட்டதுதான் எனக்கு விளங்கேல்லை. நான் சொன்னது உங்கடை தங்கச்சியாரைத்தான். காணிக்குப் பதிலா மேலை ஒரு வீடு எடுத்திருக்கிறா. உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அத்தான் தண்ணீர் வாங்கி வந்து தந்தார். இவ்வளவு காலமும் வீடியோவில் நீ முகத்தை மட்டும்தான் காட்டினாய். நீ எழுந்து நின்றதை நான் ஒருநாளும் காணவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மனுவிலிருந்து என் பெயரை எடுக்கவில்லை. சபையும் மூன்று மாடிதான் என்று முடிவு சொல்லிவிட்டது. ஆனால் அடுத்த நாளே சிவகரனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே அவன் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு ஜெரிசனிடம் வந்தான். நிலத்தளம் முழுவதும் வாகனம் விடத்தான் ஒதுக்கியிருந்தார்கள். "கொஞ்ச வாகனம் என்ரை கடை வளவுக்கை நிக்கட்டும். அந்த இடத்திலை அக்காவின்ரை தங்கச்சிக்கு ஒரு வீடு போட்டுக் குடு, தம்பி" என்றான் சிவகரன். நீ சம்மதம் என்று ஒரு சொல் சொன்னால் கட்டட வரைபடத்தை மாற்றிக் கீறலாமாம்.

சம்மதம் சொல். படி ஏறத் தேவையில்லை, வாசலும் எங்கள் மதில் பக்கம்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பக்கத்து வளவில் வந்து இருக்க நினைத்தவளுக்கு என் வீட்டில் இருக்கலாம் என்று ஏன் தோன்றவில்லை? உன்னைப் பராமரித்து நான் களைத்துவிடுவேன் என்று யார் உனக்குச் சொன்னது? காலுக்கு என்ன, டொக்டர் என்ன சொல்கிறார், எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுது.

தொடர்மாடி எழும்பக் காலம் எடுக்கும். அதுவரை அங்கே தனியாக இருக்காதே. முன்னறை சும்மாதான் கிடக்கிறது. அத்தான் நேற்று மேசனைக் கூப்பிட்டு, குளியலறைச் சுவரில் பிடித்து நடக்கக் கம்பி பூட்டுவித்தார். தனக்குத்தானாம். அவருடைய காலில் ஒரு குறையும் இல்லை.

நீ வைக்கும் ஒவ்வொரு அடியையும் கர்த்தர் தாங்கி, எங்கள் வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் அக்கா,
தேவகுமாரி