கழற்றிய சாரி கார்டு

சரிதா,

மோகனூர் மெக்கானிக்கிடம் பைக்கை எடுத்துப் போகிறேன். பழைய வண்டியை ரேஸ் வண்டி மாதிரி ஆக்குகிறேன் என்று நான் கழற்றிய சாரி கார்டைத் திரும்ப மாட்டச் சொல்ல வேண்டும்.

நேற்று கல்யாண மண்டப வாசலில் உன் சேலை செயினில் சிக்கியதும், அத்தனை பேர் முன்னால், "சேலையப் புடிச்சு உக்காரத் தெரியாதா?" என்று கத்தினேன். நீ பழியை உன் மேலேயே போட்டுக்கொண்டு, "என்ற தப்புதானுங்க" என்றாய்.

காலையில் செயினில் சுற்றியிருந்த பட்டுநூலைப் பிரிக்கும்போதுதான் புரிந்தது. வேகத்தில் சிக்கியிருந்தால் உன்னையும் சேர்த்து இழுத்திருக்கும்.

குக்கரில் அரிசிம்பருப்பு சோறு இருக்கிறது. உப்பு தூக்கல், தயிர் ஊற்றிக்கொள்.

பி.கு.: உன் அண்ணன் போனில் விசாரித்தார். அவரிடமும் நீ சேலையைப் பிடிக்கவில்லை என்றே சொல்லிவிட்டேன். மறுபடி கூப்பிட்டால் "என்ற தப்பு" என்று சொல்லிவிடாதே. அது நான் சொல்ல வேண்டியது.

நந்தகுமார்