தாசில்தாரின் கொண்டை

செப்டம்பர் 2
இடது கன்னத்தில் சிவப்பாக ஒரு வட்டம். அரிப்பு தாங்கவில்லை. ஆபீஸில் ஷைஜா பார்த்த உடனே நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். "ஏட்டி, படர்தாமரையாக்கும்! எனக்க பேனாவத் தொட்டிராத." இதற்குப் போய்த் தாமரை என்று பெயர் வைத்தவன் யார்?

செப்டம்பர் 5
வேலை முடிந்து வந்ததும் தாசில்தாரைத் தூக்கிக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டேன். தாசில்தார் எங்கள் சேவல், நடை அப்படி. என் வீட்டுக்காரர் ஜான்ரோஸுக்கு வந்ததே கோபம். "நேர்ச்சைக் கோழியக் கொஞ்சாத எலிசா. பிறவு குடுக்க மனசு வராது."

நேர்ந்ததே இவர்தான். குஞ்சாக இருந்தபோது பருந்து தூக்கப் பார்த்தது. தப்பினால் ஆலயத்துக்கு என்று சொல்லிவிட்டார். வருகிற ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைகளை ஏலம் விடுவார்கள். எடுப்பவர் வீட்டில் அன்று மதியமே குழம்பு. இதற்குப் பருந்தே மேல் இல்லையா?

செப்டம்பர் 9
நாகர்கோவிலில் தோல் டாக்டர். தோலைக் கொஞ்சம் சுரண்டிச் சோதனைக்கு எடுத்தார். களிம்பு எழுதினார். "வீட்டுல மிருகம் ஏதாவது வளக்கியளா?" என்றார். இல்லை என்றேன்.

செப்டம்பர் 17
கழுத்தில் இரண்டாவது வட்டம்.

செப்டம்பர் 27
சோதனை முடிவு வந்தது. கோழிக் கொண்டையில் வருகிற பூஞ்சையாம். அபூர்வமாக மனிதருக்கும் ஒட்டுமாம். தாசில்தார் கொண்டையில் வெள்ளையாக இருந்ததை நான் சுண்ணாம்பு என்றல்லவா நினைத்தேன்!

"அன்னைக்கு இல்லேன்னு சொன்னியளே?" என்றார் டாக்டர்.

கர்த்தர் பறவைகளைப் படைத்தது ஐந்தாம் நாள், காட்டு மிருகங்களை ஆறாம் நாள். ஞாயிறு பள்ளியில் வருடாவருடம் நானே சொல்லிக்கொடுப்பது. இவர் மிருகம் என்றுதானே கேட்டார்? அதையே சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

செப்டம்பர் 28
விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஜான்ரோஸ், "பழுதுள்ளத காணிக்கையா வைக்கப்பிடாது, வேதத்துல உண்டு" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஒரு வாரமாகக் கழுத்தில் துண்டு வேறு. பிடித்து இழுத்தேன். தாடைக்குக் கீழே அதே வட்டம்!

"பஸ் சீட்டுல ஒட்டினதாக்கும்."

பஸ் சீட்டுக்கு இறகு முளைக்குமா? துண்டு முழுக்கச் செந்நிறச் சின்ன இறகுகள். நான் அடுப்படியில் நிற்கிற காலை நேரமெல்லாம் இந்த ஆள் தாசில்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் ஏனோ கண் கலங்கிவிட்டது.

அக்டோபர் 6
ஸ்தோத்திரப் பண்டிகை. சேவலுக்குப் பதில் ஒரு ஏத்தன் வாழைக்குலை கொடுத்தோம். சேவல் அடுத்த வருடம் என்று ஜான்ரோஸ் சபையில் சொல்லிவிட்டு வந்தார்.

சாயங்காலம் பின்வாசலுக்குப் போனேன். கையுறை போட்டுக்கொண்டு கொண்டைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். நான் நிற்பது தெரியாது.

"அனங்காம இரி மக்கா. அடுத்த வருசமும் பண்டிகை சமயத்துல கொஞ்சம் சுகமில்லாம இரி, கேட்டியா?"