அந்தப் பத்தியில் இருந்ததும் நான் கண்டதும்

சங்கரன்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் முபஷ்ஷிராவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் வாப்பாவும் சுகம், சார்ஜா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் அவசரமாகப் பேசி வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஃபாரூக் லீவு முடிந்து நாளை அங்கே திரும்புகிறான், அவன் கையில் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்து விடுகிறேன், நிதானமாகப் படி. பி.எச்டி. நுழைவுத் தேர்வில் உன் உம்மா தேறியது ஆங்கில வாசிப்புப் பகுதியையும் சேர்த்துத்தான், அதை உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் அந்தப் பகுதியில்தான் விழுந்தேன். வரலாற்றுக் கேள்விகளை ஒரு கை பார்த்தவள், ஆங்கிலப் பத்தியில் தெரியாத சொல் வந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், மற்றப் பத்திகளைத் தொடுவதற்குள் நேரம் முடிந்துபோனது. இந்தத் தடவை எங்கள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கும் கோகிலாவும் எழுதினாள், குருவிகுளத்துப் பெண். சாயங்காலம் மணி அடித்த பிறகு இருவரும் ஆசிரியர் அறையில் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்போம். முதலில் கேள்வியைப் படிப்பது, பிறகு பத்திக்கு வருவது, தெரியாத சொல்லைத் தாண்டிப் போவது, வாக்கியத்தின் மிச்சமே பொருளைச் சொல்லிவிடும் என்று நாங்களாகவே ஒரு வழி பிடித்தோம். ஒருநாள் மானாவாரி விவசாயத்தைப் பற்றி ஒரு பத்தி. கோகிலா விடையைத் தப்பாகப் போட்டுவிட்டு ஒத்துக்கொள்ளவே இல்லை, எங்க அப்பா கரிசக்காட்டுல அப்படியா விதைக்காவ, இத எழுதுனவன் காட்டப் பாத்திருக்க மாட்டான் என்று சண்டைக்கு நின்றாள். ஏட்டி, உங்க அப்பா என்ன செய்தாவன்னு கேக்கல, இவன் என்ன சொல்லுதான்னுதான் கேக்குதான் என்றேன். சொன்ன பிறகுதான், நானும் பாதி விடைகளை அப்படித்தான் தொலைத்திருக்கிறேன் என்று உறைத்தது. அதிலிருந்து எங்கள் இருவருக்கும் மார்க் ஏறியது.

திருநெல்வேலியில் தேர்வு. பயமில்லாமல் முக்கால்வாசி முடித்துவிட்டேன். கடைசிப் பத்தி, வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்களின் மனைவிமாரைப் பற்றியது. அந்தப் பெண்கள் வீட்டைத் தாங்களே நடத்திச் சுதந்திரத்தை அனுபவித்தார்கள் என்று எழுதியிருந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. உன் வாப்பா சவூதியில், தம்மாமில் இருந்தபோது, டைபாய்டில் துவண்ட உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றது கண்முன் வந்தது. அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்ததும் அந்த வருஷங்களில்தான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல் போதாது மக்கா. கட்டுரையாளர் கருத்துப்படி அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது கேள்வி. தனிமையில் தவித்தார்கள் என்றும் ஒரு விடை இருந்தது, என் கை அதன் பக்கம்தான் போனது. அவர் சொன்னதைத்தானே கேட்கிறார்கள் என்று மனதை அடக்கிக்கொண்டு சுதந்திரத்தைத் தேர்ந்தெடுத்தேன். சரியான விடைதான், ஆனால் வெளியே வரும்போது கண் கலங்கியிருந்தது, வாசலில் நின்ற உன் வாப்பா பரீட்சை போய்விட்டதோ என்று பதறிவிட்டார்கள். பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். மானூர் தாண்டியதும் உன் வாப்பா, “அந்தாளு உன்னயும் கேக்கல, என்னயும் கேக்கல. நீ கேட்டு எழுது” என்றார்கள்.

வெளிநாடு போனவர்களின் மனைவிமாரிடமே கேட்டு எழுதுவது என்று ஆய்வுத் தலைப்பு அங்கேயே முடிவாகிவிட்டது. வியாழக்கிழமை நேர்முகம், ஆங்கிலத்தில் கேட்டாலும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிடுவேன், நீ கவலைப்படாதே. கோகிலாவும் தேறிவிட்டாள், சேர்ந்துதான் போகிறோம்.

மாப்பிள்ளைக்கு எங்கள் சலாம் சொல். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் ஆரோக்கியத்தையும் பரக்கத்தையும் தருவானாக. மறக்காமல் எனக்கு ஒன்று செய். வாப்பா இல்லாத அந்த வருஷங்களில் இந்த வீட்டில் நீ பார்த்ததை எழுதி அனுப்பு. நான் அழுததைப் பார்த்திருந்தால் அதையும் எழுது, சந்தோஷமாக இருந்ததைப் பார்த்திருந்தால் அதையும் எழுது. உம்மாவுக்கு நோகுமே என்று எதையும் விட்டுவிடாதே, நான் முதலில் கேட்பது உன்னைத்தான்.

உன் உம்மா,
ஷிரின் பானு